குனிந்து பார்த்த பெரிய மனிதர்கள்

அத்தியாயம் 6

திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் போகிற வழியில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே கவிழ்த்துப்போட்ட இருப்புச்சட்டி மாதிரி ஒரு கூரை தெரியும். அதுதான் குருசாமி நினைவுக் கல்லூரியின் வானாய்வு மாடம். கதவில் ‘காலணியை வெளியே விடவும்’ என்று எழுதியிருந்தது. இத்தனை வருடமாகப் பெரிய மனிதர்கள் பலரும் காலணியோடு அறிவையும் சேர்த்தே வெளியே விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள் என்பது ஆசாத்துக்குச் செத்த நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆசாத், துப்பறிவாளர் யுவராணியின் உதவியாளன். வண்டி ஓட்டுவது, வாய் ஓட்டுவது இரண்டும் அவன் பொறுப்பு.

அன்று காலையில்தான் பவித்ரா அவர்கள் அலுவலகத்துப் படியேறி வந்திருந்தாள். சின்னாளபட்டிப் பெண், இந்தக் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுடைய அசல் சான்றிதழ்களை எல்லாம் வாங்கி அலுவலகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இங்கே எல்லா ஆசிரியர்களுக்கும் இதே கதைதான். நடுவில் வேறு வேலைக்கு ஓடிவிடாமல் இருக்க மூக்கணாங்கயிறு. இப்போது பவித்ராவுக்கு அரசுக் கல்லூரி வேலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. நாளைக் காலையில் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். போய்க் கேட்டவளிடம் தாளாளர் கமலக்கண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “திருடுன கண்ணாடியக் குடு, ஃபைல வாங்கிக்க.”

தொலைநோக்கியில் கண்ணாடி இல்லை என்று அவரிடம் முதலில் போய்ச் சொன்னதே பவித்ராதான். உண்மையைச் சொன்னவளே கள்ளி. கல்லூரியின் நிர்வாகத் திறமைக்கு வேறு சான்று தேவையில்லை.

மாடத்துக்கு நடுவில் பீப்பாய் கனத்தில் ஒரு நீளக் குழாய் சாய்ந்து நின்றது. வெள்ளை பெயின்ட் பளபளத்தது. ஆய்வுக்குழு வருகிறதென்றால் இங்கே மரத்துக்கும் பெயின்ட், மனுசன் அசையாமல் நின்றால் அவனுக்கும் பெயின்ட்.

“இது எங்கய்யா எழுபத்தஞ்சுல நிறுவுனது,” என்றார் கமலக்கண்ணன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, விரலெல்லாம் மோதிரம். “போன வாரம் பொன்விழா. சீஃப் கெஸ்ட்டு, டாக்டர்ங்க, மில் ஓனருங்க, பிரின்சிபாலு, நானு, அம்புட்டுப் பேரும் வரிசையா நின்னு சனி கிரகத்தப் பாத்தோம். நடுவுல உருண்டை, சுத்தி வளையம், வண்டிச்சக்கரம் மாதிரி. மறுநாளு இந்தப் பொண்ணு வந்து கண்ணாடியக் காணோம்ங்குது. ஜூன்லருந்து சாவி இது கையில. அம்புட்டுப் பேரு பாத்த கண்ணாடி எந்திரிச்சு நடந்தா போயிருக்கும்?”

“சாவிதான சார் எங்கிட்ட இருந்துச்சு,” என்றாள் பவித்ரா. “பருவத் தேர்வு, பொன்விழான்னு இந்தப் பக்கமே விடல. தொடச்சு வைக்கலாம்னு அன்னைக்குத்தான் மொதமொத மூடியத் தெறந்தேன்.”

“விழா அன்னைக்கு நீங்க பாக்கலையா?” என்று கேட்டாள் யுவராணி.

“என்னைய வாசல்ல பன்னீர்ச் செம்போட நிக்க வச்சுட்டாங்க மேடம். லேடி ஸ்டாஃப் எல்லாருக்கும் பட்டுச் சேலை, வரவேற்பு ட்யூட்டி.”

“சரியாத்தான் பிரிச்சிருக்காங்க,” என்றான் ஆசாத். “பிசிக்ஸ் படிச்சவங்க பன்னீரு தெளிக்க, பன்னீரு தெளிக்கக்கூடத் தெரியாதவங்க வானம் பாக்க.”

தாளாளர் அவனை முறைத்தார். யுவராணி அதைக் கவனிக்காதவள் போலக் குழாயின் அடிப்பக்கம் குனிந்தாள். தட்டு மாதிரி ஒரு தகர மூடி. அதன் நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டையில் கட்டைவிரல் கனத்துக்குப் பித்தளைக் குழல் துண்டு ஒன்று செருகியிருந்தது.

“சார், மேல பக்கவாட்டுலயும் ஒரு சின்னக் குழாய் இருக்கு. கீழயும் ஒண்ணு இருக்கு. எதுல பாப்பீங்க?”

கமலக்கண்ணனின் முகம் மலர்ந்தது. “அது என் ஐடியா. முன்னெல்லாம் மேல உள்ளதுலதான் பாக்கணும்னு ஸ்டூல் போட்டு ஏத்துவாங்க. பெரிய மனுசன வேட்டியோட ஸ்டூல்ல ஏத்தி, நாலு பேரு காலப் புடிச்சுக்கிட்டு நின்னா அது மரியாதையா இருக்கா? அய்யா தவறி நான் பொறுப்புக்கு வந்தது தொண்ணூத்தெட்டு. மொத வேலையா லேத்துப் பட்டறை ஆளக் கூப்பிட்டு அடியில ஓட்டை போடச் சொல்லிட்டேன். இப்ப லேசாக் குனிஞ்சாப் போதும்.”

“நீங்களே முன்னாடி நின்னு போடச் சொன்னீங்களா?”

“பின்ன? என் கண்ணு முன்னாடிதான் போட்டான்.”

“ரொம்ப நல்லது சார்,” என்றாள் யுவராணி. அவள் அப்படிப் பணிவாகப் பேசினால் எதிராளிக்கு நேரம் சரியில்லை என்று ஆசாத்துக்குத் தெரியும்.

“நாளைக்குத் தரம் பாக்குற குழு வருது. சாயங்காலத்துக்குள்ள கண்ணாடி இந்த இடத்துல இருந்தா ஃபைலு அது கையில. இல்லன்னா பொண்ணு இங்க, ஃபைலு பீரோவுல.” அவர் ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர்களை அதட்டப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் ஆசாத் கேட்டான். “டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். கண்ணாடி காணோம், காணோம்னு சொல்றீங்க. இந்தக் குழாய் வாயில மொதல்லயே ஒண்ணும் இல்லையே, தொறந்துல்ல கெடக்கு.”

“இந்த ஜாதித் தொலைநோக்கிக்கு வாயில கண்ணாடி கெடையாது சார். அடியில, இந்தத் தகர மூடிக்கு மேல, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குழிவான கண்ணாடி ஒண்ணு படுத்திருக்கணும். வானத்து வெளிச்சம் கீழ வந்து அதுல பட்டு மேல போகும். மேல வாய்க்கிட்ட நடுவுல ஒரு குட்டிக் கண்ணாடி நிக்குது பாருங்க, அது வெளிச்சத்தப் பக்கவாட்டுக் குழாய்க்குத் திருப்பிவிடும். அதனாலதான் ஸ்டூல்.”

“அப்ப கீழ ஓட்டை?”

“அதான் எனக்கும் புரியல. நான் மூடியக் கழட்டுனப்ப கண்ணாடி இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமில்ல.” பவித்ரா யுவராணி பக்கம் திரும்பினாள். “இன்னொண்ணும் சொன்னேன் மேடம், யாரும் காதுல வாங்கல. இந்த வருசம் சனியோட வளையம் நம்ம பக்கம் விளிம்பத் திருப்பிக்கிட்டு நிக்குது. நல்ல தொலைநோக்கியிலயே ஊசி கனத்துக்கு ஒரு கோடுதான் தெரியும். வண்டிச்சக்கரம் தெரிய வழியே இல்ல. அதுக்கு, ‘நீ பாத்தியா? நான் பாத்தேன்’ங்குறாரு.”

யுவராணி சுவரில் மாட்டியிருந்த பொன்விழாப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். மாலை போட்ட சீஃப் கெஸ்ட் இடுப்பில் கையூன்றி, ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்திருந்தார். பின்னால் தாளாளர், தானே வானத்தைப் படைத்த மாதிரி நிமிர்ந்து நின்றார். குழாயின் வாய்ப்பக்கம் ஏணியில் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தான்.

“இது யாரு?”

“வீடியோக்காரருங்க. கல்யாணத்துக்கெல்லாம் எடுப்பாரே, அவரு.”

“கையில என்ன?”

“லைட்டு. மேல இருட்டா இருக்குன்னு சொல்லிப் புடிச்சாரு போல.”

“ஏலே ஆசாத்து,” என்றாள் யுவராணி. “நீ இப்ப பெரிய மனுசன். குனி.”

“எனக்கு மாலை போடலையே அக்கா.”

“குனிலே.”

அவள் ஸ்டூலில் ஏறிக் கைபேசி டார்ச்சைக் குழாயின் வாய்க்கு நேரே பிடித்தாள். ஆசாத் பித்தளைத் துண்டில் கண்ணை வைத்தான்.

“என்னடா தெரியுது?”

“நடுவுல கருப்பா ஒரு உருண்டை. சுத்தி வெளிச்சமா ஒரு வளையம். அக்கா, சனி வந்துட்டாரு. பட்டப்பகல் பதினோரு மணிக்கு, கூரைய மூடி வச்சிருக்கும்போதே வந்துட்டாரு. எம்புட்டு இறங்கி வந்திருக்காரு பாருங்க நம்ம காலேஜுக்காக.”

பவித்ரா வாயில் கை வைத்துக்கொண்டாள். “நடுவுல கருப்பாத் தெரியுறது அந்தக் குட்டிக் கண்ணாடி, வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு நிக்குது.”

“வளையம், கல்யாண வீடியோக்காரரோட லைட்டு,” என்றாள் யுவராணி இறங்கிக்கொண்டே. “ஒரு ஊரு பெரிய மனுசங்க அம்புட்டுப் பேரும் அதைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்காங்க. சரி, விசயத்துக்கு வா. அடியில கண்ணு வச்சா மேல வாய் தெரியுதுன்னா என்ன அர்த்தம்?”

“நடுவுல அடைச்சுக்கிட்டு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.”

“அப்ப விழா அன்னைக்கே கண்ணாடி இல்ல. ஓட்டை போட்டப்பவும் இருந்திருக்காது. இருந்திருந்தா லேத்துக்காரன் துளைக்கும்போது தூள் தூளாப் போயிருக்கும். தாளாளரு கண்ணு முன்னாடிதான போட்டான்? கண்ணாடி நொறுங்குன சத்தம் அவருக்கே கேட்டிருக்கும்.”

“அப்ப தொண்ணூத்தெட்டுலயே கண்ணாடி இல்லையா?” என்றாள் பவித்ரா. “அன்னைக்கு நான் பால்வாடிகூடப் போகல மேடம்.”

“இதை இப்பவே போயிச் சொல்லிருவமா அக்கா?”

“சொன்னா, ‘நான் பாத்தேன்’பாரு. அந்த ஆளுக்கு நியாயத்தக் காட்டிப் பிரயோசனமில்ல. கண்ணாடியத்தான் காட்டணும்.”

சுவர் நெடுகப் படங்கள். மாடத்தின் ஐம்பது வருடச் சரித்திரமும் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. யுவராணி புதுப் படத்திலிருந்து பழசை நோக்கி நடந்தாள். எல்லாப் படத்திலும் ஒரு முதுகு, ஒரு மாலை, ஒரு குனிவு. மருத்துவர் குனிந்தார், வக்கீல் குனிந்தார், பட்டிமன்றப் பேச்சாளர் குனிந்தார். செவ்வாய் பூமிக்குப் பக்கத்தில் வந்தது என்று ஊரெல்லாம் பேசிய வருடத்தில் ஒரு குடும்பமே, கைக்குழந்தை உட்பட, வரிசையாகக் குனிந்திருந்தது.

“இதைத் தொலைநோக்கி வரலாறுன்னு சொல்லக் கூடாது அக்கா, இடுப்பு வலி வரலாறுன்னு சொல்லணும்.”

பிறகு சட்டென்று முதுகுகள் நிமிர்ந்தன. அதற்கு முந்தைய படங்களில் எல்லோரும் ஸ்டூலில் நின்று மேல் குழாயில் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஸ்டூலுக்குப் பக்கத்தில், கேமராவைப் பார்க்காமல் குழாயையே பார்த்துக்கொண்டு ஒல்லியாக ஒருவர் நின்றார்.

“இவரு?”

“கண்ணுசாமி சார். இந்த மாடத்தக் கட்டவே அவருதான் காரணம்னு பழைய ஸ்டாஃப் சொல்வாங்க. அந்தக் கண்ணாடியே அவரும் மாணவர்களும் கையால தேய்ச்சுச் செஞ்சதாம். ரிட்டயர்டாகி ஒட்டன்சத்திரத்துல மகனோட இருக்காரு. பொன்விழாப் பத்திரிகையில அவரு பேரு இல்ல மேடம். ஃப்ளெக்ஸ்காரரு பேரு இருக்கு.”

“வண்டிய எடுலே,” என்றாள் யுவராணி.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், வீட்டோடு சேர்ந்தாற்போல் கண்ணுசாமி மகனின் காய்கறி மண்டி. கேரளா போகிற லாரியில் முருங்கைக்காய்க் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. மிரட்டலா, கெஞ்சலா, எதை முதலில் எடுப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான் ஆசாத். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒல்லிக் கிழவர், கல்லூரிப் பெயரைக் கேட்டதுமே சிரித்துவிட்டார்.

“ஏனுங்க, கண்ணாடியக் கேட்டுத்தானுங்க வந்திருக்கீங்க?”

ஆசாத் யுவராணியைத் திரும்பிப் பார்த்தான்.

“உங்ககிட்டத்தான் இருக்கா?” என்றாள் யுவராணி.

“எங்கிட்டத்தானுங்க இருக்குது. பூச்சு மங்கிப் போச்சுன்னு கழட்டிப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தேன். அது திரும்பி வர்றதுக்குள்ள பெரியவரு தவறிட்டாரு, நானும் ரிட்டயர்டு ஆயிட்டேனுங்க. அவரு பையன் பொறுப்புக்கு வந்திருந்தான். நேர்ல போய், கண்ணாடி வந்திருச்சு, மாட்டணும்னு சொன்னேன். ‘விழா இருக்கு, முடியட்டும்’னான். நிமிந்துகூடப் பாக்கல.”

“அப்புறம்?”

“விழா முடிஞ்ச மறுநாள் பேப்பர்ல படத்தோட போட்டிருந்தாங்க. தொலைநோக்கியில நிலாவோட பள்ளத்தை எல்லாம் பாத்து வியந்தாங்களாம். கண்ணாடி என் வீட்டுப் பரண்ல இருக்குதுங்க, அவங்க அங்க பள்ளத்தப் பாத்துட்டாங்க. கண்ணாடி இல்லாமயே அம்புட்டும் தெரியற கண்ணு அவங்களுக்கு. நான் எதுக்குங்க கொண்டுபோயிக் கொடுத்துக் கெடுக்கணும்? யாராச்சும் ஒருத்தன் ஒண்ணுமே தெரியலீங்களேன்னு சொல்லிக்கிட்டு வருவான், வந்தா கொடுப்போம்னு இருந்தேன். வருசா வருசம் பேப்பர்ல படம்தானுங்க வந்துச்சு. ஆளு வரல. நானும் மகனும் படிச்சுப் படிச்சுச் சிரிப்போம்.”

ஆசாத்துக்கும் சிரிப்பு முட்டியது. யுவராணியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

“நல்லாச் சிரிச்சிருக்கீங்க சார்,” என்றாள் அவள். “இருபத்தேழு வருசம். அங்க ஒரு பொண்ணு மொதமொதலா, ஒண்ணுமே இல்லையேன்னு உண்மையச் சொல்லுச்சு. நீங்க எதிர்பாத்த ஆளு அதுதான். அதுக்குத் திருடின்னு பேரு வச்சு, சர்டிபிகேட்ட எல்லாம் பூட்டி வச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில அது சென்னையில நிக்கலன்னா வேலை போச்சு. அவங்க முட்டாத்தனத்துக்கு நீங்க சிரிச்சீங்க. உங்க சிரிப்புக்கு அது அழுதுகிட்டு இருக்கு.”

கிழவரின் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

“எனக்குத் தெரியாதுங்களே,” என்றார்.

“தெரிஞ்சுக்க நீங்க அந்தப் பக்கமே போகலையே சார்.”

அவர் உள்ளே போய், மகனை ஏணி பிடிக்கச் சொல்லி, பரணிலிருந்து ஒரு தக்காளிப் பெட்டியை இறக்கினார். வைக்கோலை விலக்கினால் துணி. துணிக்குள் வட்டமாகக் கண்ணாடி, நேற்றுப் பூசிய மாதிரி பளபளத்தது. ஆசாத் எட்டிப் பார்த்தான். அவன் மூக்கு மட்டும் அதில் சுரைக்காய் அளவுக்கு வீங்கித் தெரிந்தது.

“நானும் வாரேனுங்க,” என்றார் கண்ணுசாமி. “அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசணும்.”

தாளாளர் அறையில் கண்ணாடியை மேசைமேல் வைத்தபோது கமலக்கண்ணன் முதலில் குளிர்ந்துபோனார். வந்த கதையைக் கேட்கக் கேட்க நிறம் மாறினார். கேட்டு முடித்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“ஆக, திருடன் இவரு. சரி, அப்படியே எழுதிக் குடுத்துருவோம். காலேஜ் சொத்த இம்புட்டு வருசம் வீட்டுல பதுக்கி வச்சிருந்தாருன்னு. அந்தப் பொண்ணு இவருக்குக் கூட்டுன்னும் ஒரு வரி சேத்துக்குவோம். விசாரணை முடியுற வரைக்கும் ஃபைல் இங்கதான் இருக்கும்.”

பவித்ரா சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணுசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாராளமாக் குடுங்க சார்,” என்றாள் யுவராணி. அதே பணிவு. “எப்ப காணாமப் போச்சுன்னு கேப்பாங்க. நீங்க ஓட்டை போட்டதுக்கு முன்னாடின்னு சொல்லணும். அதுக்கப்புறம் இதுல நிலா பாத்தவங்க, செவ்வா பாத்தவங்க, போன வாரம் சனி பாத்தவங்க அம்புட்டுப் பேரயும் கூப்பிட்டு, கண்ணாடி இல்லாம என்ன பாத்தீங்கன்னு கேப்பாங்க. ஆளத் தேடி அலைய வேண்டியதில்ல, நீங்களே வரிசையாப் படம் புடிச்சு மாட்டி வச்சிருக்கீங்க.”

“உங்க சீஃப் கெஸ்ட்டு பாத்தது வீடியோக்காரரோட லைட்டுன்னு அவருக்கு யாரு சார் சொல்றது?” என்றான் ஆசாத். “நீங்க சொல்றீங்களா, இல்ல நாங்க போயிச் சொல்லட்டுமா? அவரு மாலையெல்லாம் போட்டு, கண்ண மூடி, ரொம்பப் பக்தியாக் குனிஞ்சாரு.”

கமலக்கண்ணன் விரல் மோதிரத்தைத் திருகினார். அவர் பயப்படுவது போலீசுக்கு அல்ல, அந்தச் சீஃப் கெஸ்ட்டுக்கு என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

“நாளைக்குக் குழு வருது,” என்று முனகினார்.

“ஆமா சார். அவங்களும் குனிவாங்க.”

மணி அடித்தார். அலுவலக மேலாளர் மணிமாறன் வந்தார். “பவித்ரா ஃபைலு,” என்றார் தாளாளர், யார் முகத்தையும் பார்க்காமல். மணிமாறன் நம்பாமல் நின்றார். இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பக்கத்து அறைப் பீரோவைத் திறந்தார். அடுக்கடுக்காகப் பச்சை ஃபைல்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயர். வேலைக்குச் சேர்ந்தவர்களா, அடகு வைக்கப்பட்டவர்களா என்று ஆசாத்துக்குச் சந்தேகம் வந்தது.

பவித்ரா ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். பார்த்து முடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஏம்மா,” தாளாளரின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. “ஒரே ஒரு நாள் இரு. குழு வந்துட்டுப் போயிரட்டும். இந்தக் கண்ணாடிய மாட்டத் தெரிஞ்ச ஆளு இங்க வேற யாரு இருக்கா?”

“நான் பஸ்ஸப் புடிக்கணும் சார்.”

அவர் கண்ணுசாமி பக்கம் திரும்பினார். “நீங்களாவது...”

“எனக்கு ரிட்டயர்டு ஆயிருச்சுங்க,” என்றார் கண்ணுசாமி. பிறகு பவித்ராவிடம் போய், “நான் முன்னாடியே வந்திருக்கணும் கண்ணு,” என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் தலையாட்டினாள். மன்னித்தாளா என்று ஆசாத்துக்குத் தெரியவில்லை. மன்னிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

அவள் கதவைத் திறந்தபோது நடைபாதை நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். வகுப்பை விட்டு வந்த விரிவுரையாளர்கள். பீரோ திறக்கிற சத்தம் அந்தக் கட்டடத்தில் மணியடிக்கிற சத்தத்தைவிட நன்றாகக் கேட்கும் போல. பவித்ரா ஃபைலோடு நடுவில் நடந்து போனாள். எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் படியிறங்கி மறைந்தாள்.

பிறகு தமிழ்த்துறை சுகன்யா உள்ளே வந்தாள். பவித்ராவைவிட மூத்தவள், கையில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது.

“சார், என் ஃபைலும் வேணும்.”

“உனக்கு எதுக்கும்மா? நீ எங்க போகப்போற?”

“எங்கயும் போகல சார். வீட்டுல வச்சுக்கத்தான்.”

அவளுக்குப் பின்னால் கணிதத்துறை. அதற்குப் பின்னால் வணிகவியல். அடுத்து யாரென்று தெரியாத அளவுக்கு வரிசை படிவரை நீண்டுவிட்டது. நாளைக்குக் குழு வரும்போது இத்தனை பேரும் வகுப்பில் இருந்தாக வேண்டும். அது தாளாளருக்கும் தெரியும், வரிசைக்கும் தெரியும்.

மணிமாறன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“சார், பீரோவப் பூட்டிரவா?”

கமலக்கண்ணன் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிமாறன் செத்த நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் சுகன்யாவின் ஃபைலை உருவி நீட்டிவிட்டு, கீழ்த்தட்டில் கை விட்டுத் தன்னுடைய ஃபைலையும் தேட ஆரம்பித்தார்.